சைக்ளின் டி1 நெகட்டிவ் என்றால் மேன்டில் செல் லிம்ஃபோமா இல்லையா?

கேள்வி:
அப்பாவுக்கு வயது 67. கழுத்து நெறிக்கட்டியில் எடுத்த பயாப்சியில் செல்லின் அடையாளப் புரதங்கள்: சிடி20, சிடி5 பாசிட்டிவ். சிடி23, சைக்ளின் டி1 நெகட்டிவ். கேஐ-67 (பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் அளவு) 20%. குரோமோசோம் மாற்றத்தைத் தேடும் ஃபிஷ் பரிசோதனையில் டி(11;14), அதாவது 11, 14ஆம் குரோமோசோம்களுக்கு இடையிலான இடமாற்றம், இல்லை. முதல் அறிக்கை 'சிஎல்எல்/எஸ்எல்எல் ஆக இருக்கலாம்' என்கிறது; அது பெரும்பாலும் மெதுவாக வளரும் ஒரு ரத்தப் புற்றுநோயாம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரோ பி செல் என்ற வெள்ளை அணுவில் வரும் இன்னொரு புற்றுநோயான மேன்டில் செல் லிம்ஃபோமா என்று சந்தேகப்படுகிறார். அதன் அடையாளமே சைக்ளின் டி1 புரதம்தானே? எதை நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவது? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில் (நோய்க்குறியியல் துறை):
சகோதரி, இரண்டாவது டாக்டரின் சந்தேகம் நியாயமானது. சிடி5 இருந்து சிடி23 இல்லாதபோது, சிஎல்எல் என்று முடித்துவிட நான் தயங்குவேன். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அதே ஸ்லைடில் ரத்தக்குழாய் உள்சுவர் செல்களின் உட்கருவில் சைக்ளின் டி1 சாயம் ஏறியிருக்கிறதா? அவையும் வெளுத்திருந்தால் சாயமே சரியாகப் பிடிக்கவில்லை, அந்த நெகட்டிவுக்கு மதிப்பில்லை. அப்புறம் சாக்ஸ்11, எல்இஎஃப்1 என்ற இரண்டு புரதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னது மேன்டில் பக்கம் காட்டும், பின்னது சிஎல்எல் பக்கம்.

கேட்டவர்:
சாயம் சரியாகத்தான் பிடித்திருக்கிறதாம். சாக்ஸ்11 பாசிட்டிவ், எல்இஎஃப்1 நெகட்டிவ். அப்படியானால் ஃபிஷ்ஷில் ஏன் தெரியவில்லை?

பதில்:
வழக்கமான மேன்டிலில், சைக்ளின் டி1-ஐ உருவாக்கும், 11ஆம் குரோமோசோமின் சிசிஎன்டி1 மரபணு, 14இல் உள்ள ஐஜிஎச் என்ற எதிர்ப்பொருள் மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பி செல்லில் ஐஜிஎச் ஓயாமல் வேலை செய்யும் இடம். அதனால் சிசிஎன்டி1-உம் ஓய்வதில்லை, செல் பிரிந்துகொண்டே போகிறது. டி1 நெகட்டிவ் வகை அரிது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 12ஆம் குரோமோசோமின் சிசிஎன்டி2 அதே வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் அது போய் ஒட்டுவது கப்பா அல்லது லாம்டா என்ற வேறு எதிர்ப்பொருள் மரபணுவோடு. 11ஐயும் 14ஐயும் மட்டும் தேடும் ஃபிஷ்ஷில் இது எப்படித் தெரியும்? சிசிஎன்டி2 இடம் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் 'பிரேக்-அபார்ட்' ஃபிஷ் கேளுங்கள்.

நோயின் போக்கு வழக்கமான மேன்டில் போலத்தான். கேஐ-67 30%க்குக் கீழே இருப்பது நல்ல செய்தி. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் பிறழ்வு இருக்கிறதா என்று பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம். என்னைக் கேட்டால் அதுதான் இப்போது மிக முக்கியம்.

கேட்டவர்:
சரி டாக்டர், நாளைக்கே கேட்கிறேன். இது எனக்கும் தம்பிக்கும் பரம்பரையாக வருமா?

பதில்:
வராது. இந்த இடமாற்றம் அப்பாவின் பி செல்லில் அவர் வாழ்நாளில் நேர்ந்தது, பிறப்பிலேயே வந்ததல்ல. உங்கள் இருவர் ரத்தத்திலும் இதைத் தேட வேண்டியதில்லை. டிபி53 முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.