பட்ஜெட் கேமிங் பிசி: இந்த லிஸ்ட்டில் எதை வெட்டலாம், எதை ஏத்தலாம்?

புதுக்கட்டு:
வணக்கம். 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் கையில இருக்கு. அதுக்கு ஏத்த பிசி அசெம்பிள் பண்ணணும். பெரும்பாலும் ஆன்லைன் ஷூட்டர், நடுநடுவே பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம். போட்டு வெச்சிருக்கற லிஸ்ட் இது:

ரைசன் 5 5500 சிபியு, ஏ520 மதர்போர்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, டிடிஆர்4 3200 ராம் 16 ஜிபி ஒரே ஸ்டிக் (பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்னு), 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், 240 மிமீ லிக்விட் கூலர், முன்பக்கம் கண்ணாடி வெச்ச ஆர்ஜிபி கேபினெட். கேபினெட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) வருது.

மொத்தத் தொகை இதுக்கு மேல ஏறக் கூடாது. உள்ளுக்குள்ளயே இங்க வெட்டி அங்க ஒட்ட முடியுமா?

ஓம்விதி:
முதலில் அந்த எஸ்எம்பிஎஸ். பெட்டியில் 500 என்று எழுதியிருப்பதை விடுங்கள்; யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்கினால் வருவதுதான் சிபியுவும் கார்டும் பங்கு போட்டுக்கொள்ளும் வாட். 20 ஆம்பியர் என்றிருந்தால் 240 வாட், அவ்வளவுதான். மீதி எல்லாம் 3.3, 5 வோல்ட் லைன்களைக் கூட்டி ஊதிய கணக்கு. இரண்டு 12 வோல்ட் லைன் தனித்தனியாகப் போட்டிருந்தால் ஆம்பியரைக் கூட்டாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்துப் போட்டிருக்கும் வாட்டைப் பாருங்கள். உருப்படியான 550 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டில் மட்டும் 45 ஆம்பியரை ஒட்டி வரும்.

உங்கள் கார்டு 132 வாட். சிபியு 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்த்தால் 270 பக்கம். அப்படியானால் 300 போதுமே என்று தோன்றும். ஆனால் கார்டு மில்லிசெகண்ட் கணக்கில் தன் 132ஐத் தாண்டிப் பாயும். அதைத் தாங்காத சப்ளை கேம் நடுவில் பொட்டென்று அணையும். புளூ ஸ்கிரீன் வராது, எரர் மெசேஜ் வராது. ஆட்கள் விண்டோஸைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்கள்.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு மட்டுமே சான்று. ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்று ஸ்பெக் ஷீட்டில் தனியாகத் தேடுங்கள். கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் வாங்குங்கள், முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், மெஷ் இருக்கட்டும். மூடிய முகப்புக்குப் பின்னால் எத்தனை ஃபேன் மின்னினாலும் உள்ளே காற்று வராது.

டூயல்சேனல்:
மேலே சொன்னது சரி. அதுக்கான பணம் லிஸ்ட்லயே இருக்கு: லிக்விட் கூலரைத் தூக்குங்க. 65 வாட் சிபியுவுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரியோட நேர் எதிர். பாக்ஸ்ல வர்ற ரெய்த் ஸ்டெல்த் கூலரே போதும், சத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அந்தக் காசுல 5500ஐ 5600 ஆக்குங்க. ரெண்டும் 6 கோர், 12 த்ரெட்தான்; ஆனா 5500ல எல்3 கேஷ் (சிபியுக்குள்ளயே இருக்கற வேக மெமரி) 16 எம்பி, 5600ல 32 எம்பி. ஷூட்டர்ல எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) நிர்ணயிக்கறது பெரும்பாலும் சிபியு, அங்க இந்தக் கேஷ் நல்லாவே தெரியும். இன்னொண்ணு, 5500 பிசிஐஇ (கார்டும் சிபியுவும் பேசிக்கற பாதை) 3.0 மட்டும். ஆர்எக்ஸ் 6600ல 8 லேன்தான் இருக்கு, 3.0ல ஓடினா நொடிக்கு 8 ஜிபி பாதைதான் கிடைக்கும். டெக்ஸ்ச்சர் கார்டோட சொந்த 8 ஜிபி மெமரிக்குள்ள (விராம்) அடங்கற வரை வித்தியாசம் சொற்பம்; வழிஞ்சா திக்கும். 4.0 வேணும்னா போர்டும் பி550 ஆகணும், ஏ520 3.0தான். ரெண்டுக்கும் காசு எட்டலன்னா சிபியுவை முதல்ல ஏத்துங்க, போர்டு ஏ520யாவே இருக்கட்டும்.

ராம் ஒரே ஸ்டிக் வேண்டவே வேண்டாம். 3200ல ஒரு ஸ்டிக்னா நொடிக்கு 25.6 ஜிபி பாதை, ரெண்டு ஸ்டிக்னா 51.2 ஜிபி. சராசரி எஃப்பிஎஸ்ஸை விட, திடீர்னு சறுக்கற அந்தக் குறைந்தபட்ச எஃப்பிஎஸ்லதான் அடி விழும். 8+8 கிட்டா வாங்குங்க. "பின்னாடி சேர்த்துக்கலாம்"னா அப்ப அதே ஸ்டிக் கிடைக்காது, வேற சிப் வரும், எக்ஸ்எம்பில (ராமைச் சொன்ன வேகத்துல ஓட வைக்கற போர்டு செட்டிங்) நிக்காம அடம் பிடிக்கும்.

புதுக்கட்டு:
கூலர் போச்சு, கண்ணாடி போச்சு. சரி, இந்த லிஸ்ட்ல இருக்கற ஏஎம்4 பழைய சாக்கெட் (போர்டுல சிபியு உக்கார்ற இடம்), ஏஎம்5 எடுன்னு எல்லாரும் சொல்றாங்களே? அப்புறம் டிஸ்க் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே.

ஸ்க்ரூடிரைவர்:
ஏஎம்5 நல்லதுதான். ஆனால் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்து ஏறும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்கக் கார்டை ஒரு படி இறக்க வேண்டுமென்றால் எடுக்காதீர்கள். நாளைய அப்கிரேடுக்காக இன்றைய எஃப்பிஎஸ்ஸைக் கொடுப்பதாகிவிடும். ஏஎம்4லேயே பின்னாளில் பழைய மார்க்கெட்டில் 5700எக்ஸ்3டி சிபியு கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் அப்டேட் செய்ய வேண்டும்.

டிஸ்க்: இரண்டுக்கும் பதில் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று. 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் இருக்கும்போது 240 ஜிபி விண்டோஸுக்கும் ஒரு கேமுக்கும் சரியாகப் போய்விடும். மீதியை ஹார்டு டிஸ்க்கில் போட்டால் ஓப்பன் வேர்ல்டில் கட்டடங்கள் கண் முன்னால் முளைக்கும். டிரேம் (எஸ்எஸ்டிக்குள் இருக்கும் தனி மெமரி சிப்) இல்லாத மாடல் கேமுக்குப் போதும். கியூஎல்சி (ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் வகை) எஸ்எஸ்டியைத் தவிருங்கள், பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது கேஷ் நிரம்பியதும் வேகம் படுத்துவிடும்.

பூட்டும்போது: ஏஎம்4 போர்டில் சிபியுவின் இரு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளை ரெய்த் ஸ்டெல்த்துக்காகக் கழற்ற வேண்டும். நாலு ஸ்க்ரூவும் வந்ததும் பின்பக்க இரும்புத் தகடு கழன்று விழும், ஒரு கையால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். கூலரை வைத்து எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு சுற்று. ஒரு மூலையை முழுதாக முடுக்கினால் கூலர் சாய்ந்து, எதிர் மூலை ஸ்க்ரூ எட்டாது. அடியில் பேஸ்ட் தடவியே வரும், மேலே இன்னொரு முறை அப்ப வேண்டாம்.

போர்டில் நாலு ராம் ஸ்லாட் இருந்தால், ஸ்டிக்குகள் சிபியுவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கியது 2666லோ அதற்கும் கீழேயோ ஓடும். ஏ520ல் சிபியு ஓவர்க்ளாக் கிடையாதே தவிர எக்ஸ்எம்பி உண்டு.

8 பின் கேபிள் இரண்டு வகை: 4+4 ஆகப் பிரிவது சிபியுவுக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு யூனிட்டின் கேபிளைச் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறும், டிஸ்க் கருகும்.

புதுக்கட்டு:
அப்ப 5600, ஏ520, 6600, 8+8, 1 டிபி என்விஎம்இ, மெஷ் கேபினெட், தனியா 550 வாட். கூட்டிப் பார்த்தா பழைய லிஸ்ட்டுக்குள்ளயே அடங்குது. வேற ஏதாவது?

டூயல்சேனல்:
போர்டு கடையில ரொம்ப நாள் கிடந்த ஸ்டாக்கா இருந்தா பழைய பயாஸ் 5600ஐ அடையாளம் காணாது, வாங்கும்போதே கேட்டு அப்டேட் பண்ணி வாங்கிடுங்க. மானிட்டர் கேபிளைக் கார்டுல செருகுங்க. 5600ல உள் கிராபிக்ஸ் இல்ல, போர்டுல செருகினா கருப்புத் திரைதான். விண்டோஸ் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல போய் 144ஐத் தேர்ந்தெடுங்க, பெரும்பாலும் 60லயே நிக்கும்.