டி டிரைவில் இருக்கிற அப்பத்தா பாட்டு

சிம்மக்கல் பெரியப்பா, காலை 7.10
தம்பி, நேற்று ராத்திரியிலிருந்து கம்ப்யூட்டர் டொக் டொக் என்று சத்தம் போடுகிறது. டி டிரைவைத் திறந்தால் திறக்கவே மாட்டேன் என்கிறது. என் பாட்டெல்லாம் அதில்தான். கடையில் கொடுத்துவிடட்டுமா?

நான், 7.14
முதலில் அணைத்துவிடுங்க பெரியப்பா. சத்தம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது. கெட்டுக்கொண்டிருக்கிற டிஸ்க் ஓட ஓடச் சேதம் கூடும். டிஸ்க்கைச் சரிபார்க்கவா என்று அதுவே கேட்டாலும் வேண்டாம். கடையில் யாராவது ஃபார்மட் போட்டுவிட்டால் வம்பு. மத்தியானம் நானே வருகிறேன்.

சென்னை அண்ணன், 7.31
அப்பா, இதற்கு ஏன் பதற்றம்? எல்லாப் பாட்டும் ஆப்பில் கிடைக்கிறது. மாசம் காசு கட்டினால் முடிந்தது.

சிம்மக்கல் பெரியப்பா, 7.33
எல்லாம் கிடைக்காதுடா.

நான், 7.40
அண்ணே, சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்கும், சரிதான். ஆனால் உரிமை கைமாறினால் நேற்று இருந்த பாட்டு இன்றைக்கு ஆப்பில் இருக்காது. அதைக்கூட விடுங்க. டி டிரைவில் ‘கேசட்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் தாத்தா டேப்பில் பிடித்த வள்ளி திருமணம், அப்பத்தா பாடிய முளைப்பாரிப் பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. அது எந்த ஆப்பில் கிடைக்கும்?

திருமங்கலம் அத்தை, 7.42
அம்மா பாட்டா! கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன். அண்ணே, இருக்கிறதா?

சிம்மக்கல் பெரியப்பா, 7.45
கேசட் போனது நிஜம்தான்மா. அதற்கு முந்தியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். இப்போது அது ஒன்றில்தான் இருக்கிறது.

திருமங்கலம் அத்தை, 7.46
தம்பி, வேறு வேலையை விட்டுவிட்டு முதலில் அதைப் பாருப்பா.

உசிலம்பட்டி மாமா, 8.20
நான் இன்றைக்கு டவுன்ஹால் ரோடு பக்கம் வருகிறேன். ஏதாவது வாங்க வேண்டுமா?

நான், 8.22
ஒரு டெராபைட் (டிபி) எக்ஸ்டர்னல் டிஸ்க், இரண்டு வேண்டும் மாமா. ஒரே கம்பெனியாக இல்லாமல் வேறு வேறாக இருந்தால் நல்லது. பென் டிரைவ் வேண்டாம், வருஷக்கணக்கில் வைத்துக் காப்பாற்ற அதை நம்ப முடியாது.

நான், மாலை 6.35
எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், ‘கேசட்’ ஃபோல்டர் முழுசாக வந்துவிட்டது!

டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம் என்பதால் அதைத்தான் முதலில் எடுத்தேன். சினிமாப் பாட்டு எல்லாம் அப்புறம்தான். விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சும்மா ஓடவிட்டால், படிக்க முடியாத ஒரே ஃபைலில் பத்து லட்சம் தடவை முட்டிக்கொண்டு நிற்கும். கட்டளையில் /ஆர்:0 என்று சேர்த்தால் தாண்டிப் போய்விடும். சினிமாப் பாட்டில் சிலது வரவில்லை. அவை திரும்பக் கிடைக்கிறவைதான்.

பெரியப்பா கேசட்டை எல்லாம் வேவ் ஃபைலாக, அதாவது ஒலியைச் சுருக்காமல், ஏற்றி வைத்தது பெரிய காரியம். நிமிஷத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கமே 300 எம்பி வரும். ஆனால் ஒலி துளியும் குறையாது. இடம் போதவில்லை என்றால் ஃப்ளாக் ஆக மாற்றலாம், ஏறக்குறைய பாதியாகும், தரம் அப்படியே இருக்கும். எம்பி3 ஆக மாற்றிவிட்டு இதை அழிக்கவே கூடாது, மாற்றும்போது போன ஒலி திரும்பி வராது.

நான், 6.52
அத்தை, முளைப்பாரிப் பாட்டை டாக்குமென்ட்டாக அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பினால்தான் ஃபைல் உள்ளபடி வரும்.

திருமங்கலம் அத்தை, 7.20
கேட்டேன். நடுவில் அம்மா ஒரு அடியை விட்டுவிட்டு, ‘இருடி, எடுத்துக் கொடுக்கிறேன்’ என்று யாரையோ அதட்டுகிறாள். அது என்னைத்தான். கும்மி அடிக்கிற கைச்சத்தம்கூடத் தெளிவாக இருக்கிறது.

சிம்மக்கல் பெரியப்பா, 7.24
நாடகத்தில் நாரதர் தர்க்கத்தைக் கேளு. பின்பாட்டுக்காரர் ஹார்மோனியத்தை இழுத்துப் பிடிக்கும்போது கூட்டம் மொத்தமும் கத்தும். அதில் அப்பா குரலும் இருக்கிறது.

சென்னை அண்ணன், 7.40
சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். இதை அப்படியே கூகுள் டிரைவில் சிங்க் பண்ணிவிட்டால் போதாதா?

நான், 7.48
சிங்க் என்பது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைப்பது, பாதுகாப்பு நகல் இல்லை அண்ணே. இங்கே பெரியப்பா கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் யாரும் கவனிக்கவில்லை என்றால் போச்சு. அதுவும் இலவசமாக 15 ஜிபிதான். ‘கேசட்’ ஃபோல்டருக்கு மட்டும் கூடுதலாக அதை வைத்துக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

புது டிஸ்க் ஒன்று பெரியப்பா வீட்டில், இன்னொன்று அத்தை வீட்டில். இரண்டையும் ஒரே மேசையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி வைத்தால், ஒரு இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். நகல் எடுக்கிற நேரம் தவிர கழற்றியே இருக்க வேண்டும்.

சிம்மக்கல் பெரியப்பா, 7.55
நான் வரிசைப்படுத்தி வைத்த பட்டியல் எல்லாம் புது டிஸ்க்கில் பாட மாட்டேன் என்கிறதே?

நான், 7.59
அதில் பாட்டு எங்கே இருக்கிறது என்ற முகவரி டி டிரைவ் என்று எழுதியிருக்கிறது, இப்போது அது இ டிரைவ். அந்தப் பட்டியல் ஃபைலை (எம்3யு) நோட்பேடில் திறந்து மாற்றினால் போதும். நாளைக்கு வந்து செய்து தருகிறேன்.

திருமங்கலம் அத்தை, 8.04
டிஸ்க்கைப் பீரோவில் பத்திரமாகப் பத்திரங்களோடு வைத்துக்கொள்கிறேன். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கலாமா?

நான், 8.09
கூடாது அத்தை. பொங்கலுக்கும் ஆடிக்கும் பெரியப்பா வீட்டுக்கு எடுத்து வாருங்கள். புதிதாகச் சேர்ந்ததை ஏற்றிவிட்டு, பழைய பாட்டில் நாலைந்தைக் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்போம். ஃபைல் பெயர் தெரிகிறது என்பதற்காகப் பாட்டு நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரியப்பா, பழைய டிஸ்க்கை இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டாம்.

உசிலம்பட்டி மாமா, 8.15
பில் இரண்டும் என்னிடம் இருக்கிறது. வாரண்டிக்கு வேண்டும், படம் எடுத்து அனுப்புகிறேன்.