மான்சா லெஸ்மோ எக்ஸிட்ல பின்னாடி வழுக்குது, செட்டப் ஹெல்ப் வேணும்

கேள்வி: அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேங்கிற கார் ரேஸ் கேம்ல பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 ரேஸ் கார் ஓட்டுறேன். இத்தாலியோட மான்சா ட்ராக்ல, லெஸ்மோ ரெண்டாவது வளைவுல ஆக்ஸிலரேட்டர மிதிச்ச உடனே பின்பக்கம் வெளிய போகுது, ரியர் விங் (பின்னாடி இருக்கிற இறக்கை) ஏத்தினா ஸ்ட்ரெய்ட்ல ஸ்பீடு அடிவாங்குது. எதுல கை வைக்கலாம்?

பதில்: விங்க விடுங்க ப்ரோ, முதல்ல டயர் பிரஷர் பாருங்க. கேரேஜ்ல காட்டுற நம்பர் இல்ல, நாலஞ்சு லேப் ஓடி டயர் சூடான பிறகு 26லேருந்து 27 பிஎஸ்ஐக்குள்ள நிக்கணும், மழை இல்லாதப்போ போடுற ட்ரை டயருக்கு. அது சரியில்லன்னா வேற எத மாத்தினாலும் வித்தியாசம் புரியாது. ட்ராக் சூடு மாறினா திரும்ப பாக்கணும், நைட் ரேஸ்னா கண்டிப்பா.

பதில்: மேல சொன்னது கரெக்ட். அப்புறமும் கேஸ் (ஆக்ஸிலரேட்டர்) குடுக்கும்போது மட்டும் வழுக்கினா ரியர் ஆன்டி ரோல் பார (வளைவுல கார் சாயறத குறைக்கிற கம்பி) ஒரு கிளிக் சாஃப்ட் பண்ணுங்க, பின் டயருக்கு கிரிப் கிடைக்கும். ப்ரேக் பிடிக்கும்போதே வழுக்குதுன்னா அது வேற, ப்ரேக் பயாஸ (முன், பின் வீலுக்கு ப்ரேக் பிரியற அளவு) கொஞ்சம் முன்னாடி தள்ளணும். தயவுசெஞ்சு ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க.

கேள்வி கேட்டவர்: ப்ரேக்ல ஸ்டெடியா தான் இருக்கு, கேஸ்ல மட்டும்தான். இன்னிக்கு நைட் பிரஷர்லேருந்து ஆரம்பிக்கிறேன், ரொம்ப நன்றி.

பதில்: ரேஸ்னா டிராக்‌ஷன் கண்ட்ரோலையும் (வீல் வழுக்காம தடுக்கிற சிஸ்டம்) ஒரு நம்பர் ஏத்திக்கோங்க, லெஸ்மோ ரெண்டுலேருந்து அஸ்காரி வளைவு வரைக்கும் ஃபுல் த்ராட்டில், எக்ஸிட் க்ளீனா இருந்தாதான் நல்ல லேப் டைம் கிடைக்கும்.