கிளவுடுக்கு மாற்றியதும் ஒரு எடைச் சீட்டுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது, உதவுங்கள்

மன்னை கணக்கு:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பதினைந்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்த ஆள் இல்லை. ஆனால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்த அளவுக்குத் தெரியும்.

நெல் கொள்முதல், எடைச் சீட்டு, விவசாயி பாக்கி எல்லாம் 2003-ல் விஷுவல் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் கருவியில் எழுதிய ஒரு மென்பொருளில் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. ஜிஎஸ்டி, சம்பளம் டாலி என்ற கணக்கு மென்பொருளில். ஆபீஸ் மூலையில் ஒரு விண்டோஸ் 7 மெஷின் இருந்தது, அதைத்தான் சர்வர் என்போம். நீடாமங்கலம் குடோனிலிருந்தும் கும்பகோணம் கடையிலிருந்தும் தினம் ராத்திரி பென்டிரைவில் கணக்கு வரும். சென்னையிலிருந்து வந்த முதலாளி மகன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு வெளி நிறுவனத்திடம் மொத்தப் பொறுப்பையும் மாத வாடகைக்குக் கொடுத்தோம். சர்வரில் இருந்ததை அப்படியே கிளவுடுக்கு ஏற்றி, மூன்று இடத்துக்கும் விபிஎன் (நெட் வழியாக எங்களுக்கு மட்டுமான பூட்டிய வழி) போட்டு, பழையபடி எங்கள் கம்ப்யூட்டரில் எச் டிரைவாகத் தெரியும்படி செய்தார்கள். மின்னஞ்சலையும் மாற்றினார்கள், அது நன்றாகவே இருக்கிறது.

ஆனால் எடைச் சீட்டில் விவசாயி பெயரைத் தேடி, எடை ஏற்றி, பிரிண்ட் கொடுக்க நாலு நிமிஷம் ஆகிறது. முன்பு கண் மூடித் திறப்பதற்குள் வரும். நடுவில் நெட் விட்டு விட்டு வந்தால் ‘இன்டெக்ஸ் டேபிளோடு பொருந்தவில்லை, அழித்துவிட்டு மறுபடி உருவாக்கு’ என்று சொல்லி நின்றுவிடும். ஆபீஸில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ஸ்பீட் டெஸ்டில் 94 காட்டுகிறது. நிறுவனத்தைக் கேட்டால் உங்கள் நெட் சரியில்லை என்கிறார்கள். நெட்காரர் என் லைன் சுத்தம் என்கிறார். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எடைமேடை வாசலில் ஒன்பது டிராக்டர், இரண்டு லாரி. பனியில் நெல் நனைகிறது, விவசாயிகள் என்னைத் திட்டுகிறார்கள். எங்கே பார்க்க வேண்டும்?

டெல்டா பையன்:

2003 மென்பொருளா! தூக்கிப் போடுங்க சார், மொத்த ஆலைக் கணக்கையும் ஒன்றாகப் பார்க்கிற நல்ல இஆர்பி மென்பொருள் ஒன்று வாங்குங்க. எல்லாம் பிரவுசரிலேயே வந்துடும்.

மன்னை கணக்கு:

சார் இல்லை தம்பி, அக்கா. தூக்கிப் போடத்தான் எனக்கும் ஆசை. அதில் சிப்பம் என்றால் 25 கிலோ என்று உள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரைக்குமான பேக்கிங் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்ததும் ஊரெல்லாம் 26 கிலோ சிப்பத்துக்கு மாறியது. அன்றிலிருந்து அந்தக் கணக்கை நான் கால்குலேட்டரில்தான் போடுகிறேன். ஆனால் அறுவடை நடுவில் மென்பொருளை மாற்றினால் மாசி முடியும்போது நான் வேலையில் இருக்க மாட்டேன்.

கும்மோணம் நெட்வொர்க்:

அக்கா, ஸ்பீட் டெஸ்டை விடுங்க. கமாண்ட் விண்டோவைத் திறந்து அந்தச் சர்வரின் முகவரிக்கு பிங் போட்டு, ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் என்று சொல்லுங்க.

மன்னை கணக்கு:

இருபது தடவை போட்டேன். 244-லிருந்து 251 வரை. பெரும்பாலும் 247.

கும்மோணம் நெட்வொர்க்:

அதுதான் வியாதி. 247 என்றால் சர்வர் இந்தியாவில் இல்லை, அநேகமாக அமெரிக்காவில் எங்கோ இருக்கிறது. வாடகை கொஞ்சம் குறைவு என்று அங்கே போட்டிருப்பார்கள்.

ஃபாக்ஸ்புரோவுக்குத் தனியாக டேட்டாபேஸ் சர்வர் கிடையாது. உங்கள் மேஜையில் ஓடும் நிரலே டேட்டா இருக்கும் டிபிஎஃப் கோப்பைத் திறந்து, இன்டெக்ஸ் என்ற தேடல் அட்டவணையைப் புரட்டி, ஒரு துண்டு படித்து, பூட்டுப் போட்டு, அடுத்த துண்டு படித்து என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை போய்வர வேண்டும். நாலு நிமிஷத்தை 247 மில்லி செகண்டால் வகுத்துப் பாருங்க, ஒரு சீட்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் தடவை கடல் தாண்டிப் போய் வருகிறது. ஆபீஸுக்குள்ளேயே ஓடும் லேன் ஒயரில் அதே ஆயிரம் தடவைக்கு ஒரு செகண்ட்கூட ஆகாது. பைப் எவ்வளவு அகலம் என்பது இங்கே கேள்வியே இல்லை, தூரம்தான். பாதி எழுதும்போது லைன் அறுந்தால் இன்டெக்ஸ் கெட்டுப்போகும், அதுதான் அந்தப் பிழை. டாலி டேட்டாவையும் அப்படி டிரைவாக வைத்துத் திறக்காதீர்கள், அதற்கும் இதே கதி.

இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்க. சர்வரை மும்பை, ஹைதராபாத், சென்னை, எங்காவது இந்திய டேட்டா சென்டருக்கு மாற்றட்டும். அப்புறம் எச் டிரைவை எடுத்துவிட்டு, மென்பொருளை அந்தச் சர்வரிலேயே ஓடவிட்டு, நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போங்க. அப்போது கோப்பும் நிரலும் ஒரே மெஷினில் இருக்கும், திரை மட்டும்தான் உங்களிடம் வரும். நெட் விட்டாலும் சீட்டு பாதியில் அப்படியே நிற்கும், திரும்ப உள்ளே போய்த் தொடரலாம்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்க. விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு இரண்டு பேருக்குத்தான் இடம். மென்பொருளில் தினசரி வேலை பார்க்க ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். 120 நாள் சலுகை உண்டு என்பதால் சிலர் வாங்காமலே ஓட்டுவார்கள். நாள் முடிந்ததும் ஒரு காலையில் யாராலும் உள்ளே போக முடியாது.

தஞ்சாவூர் ஆடிட்டர்:

மேடம், ஆலை பிரைவேட் லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பா? பிரைவேட் லிமிடெட் என்றால் சர்வர் வெளிநாட்டில் இருப்பது வேகத்தோடு நிற்கிற விஷயமில்லை. கம்பெனி கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் கணக்கு மென்பொருளில் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. டாலியில் எடிட் லாக் பதிப்பு இருக்கிறது. உங்கள் ஃபாக்ஸ்புரோவிலோ டிபிஎஃப்பை நேரே திறந்து 5,000-ஐ 50,000 ஆக்கினாலும் சுவடு தெரியாது. விவசாயி பாக்கியைக் கூடிய சீக்கிரம் டாலிக்குக் கொண்டுவாருங்கள்.

மன்னை கணக்கு:

பிரைவேட் லிமிடெட்தான். இதை அப்படியே படம் எடுத்து முதலாளி மகனுக்கு அனுப்பிவிட்டேன்.

(நாலு நாள் கழித்து)

மும்பைக்கு மாற்றிவிட்டார்கள். பிங் 38. ரிமோட் டெஸ்க்டாப்பில் சீட்டு ஐந்து செகண்டில் வருகிறது. கும்மோணம் தம்பி, உங்களுக்கு ஒரு சிப்பம் பொன்னி அனுப்ப வேண்டும்!

ஆனால் இரண்டு புதுத் தலைவலி. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இப்போது ஒவ்வொரு வரியையும் கோலம் போடுகிற மாதிரி இழுத்து இழுத்து அடிக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று ‘ஜெனரிக் டெக்ஸ்ட்’ டிரைவர் போட்டேன். படபடவென்று வந்தது, ஆனால் விவசாயி பெயர் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்து. எடையும் முன்பு எடைமேடை டப்பாவிலிருந்து தானாக வரும், இப்போது பார்த்து டைப் அடிக்கிறோம். ஒரு லாரிக்கு 12,480-ஐ 14,280 என்று போட்டுவிட்டார்கள். நல்ல வேளை, காலி வண்டி எடை போடும்போது பிடித்துவிட்டேன்.

பழைய ஃபாக்ஸ்புரோ கை:

அம்மா, அந்த ஆங்கில எழுத்துகள் எப்படி இருக்கின்றன? ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வருகிறதா?

மன்னை கணக்கு:

ஆமாம் ஐயா! அச்சு அசலாக அப்படியே!

பழைய ஃபாக்ஸ்புரோ கை:

பாமினி எழுத்துரு. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த பாவம் அது. டேட்டாவில் தமிழே கிடையாது, வெறும் ஆங்கில எழுத்துதான் கிடக்கிறது. மேலே பாமினி என்ற சட்டையை மாட்டினால் தமிழாகத் தெரியும். டெக்ஸ்ட் டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு அனுப்புகிறது, அவ்வளவுதான். இப்போதே சொல்லிவைக்கிறேன், நாளைக்கு எந்த வெப் மென்பொருளுக்குப் போனாலும் விவசாயி பட்டியலை முதலில் யூனிகோடுக்கு, அதாவது டேட்டாவிலேயே தமிழாகப் பதிவாகும் முறைக்கு, மாற்றுங்கள். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ஒரு ஆள் உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய இனிஷியலும் வண்டி எண்ணும் அதே பத்தியில் கலந்திருந்தால் அவையும் தமிழாக மாறி உளறும்.

பிரிண்டருக்கு: அதைக் கட்டி இழுக்காமல் சின்ன லேசர் ஒன்று வாங்கி ஏ5 தாளில் அடியுங்கள். தெர்மல் பிரிண்டர் விற்க வருவார்கள், வேண்டாம். விவசாயி பணம் வரும்வரை சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வெயிலிலும் வியர்வையிலும் அது வெள்ளைத் தாளாகிவிடும், அப்புறம் பஞ்சாயத்து.

எடைமேடையை மட்டும் கிளவுடுக்குக் கொண்டுபோகவே கூடாது என்பேன். அந்த டப்பா ஒன்பது முனை சீரியல் கேபிளில் எடையைத் துப்புகிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவும் அந்தப் போர்ட்டைக் கடத்தலாம், ஆனால் நெட் போனால் எடையும் போச்சு. மேடை ரூமில் ஒரு சாதா கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ். எடை அங்கேயே பதிவாகி, சீட்டும் அங்கேயே அச்சாகட்டும். நெட் இருக்கும்போது மேலே ஏறிக்கொள்ளட்டும். நீடாமங்கலத்திலும் மேடை இருந்தால் சீட்டு எண்ணுக்கு முன்னால் ‘ம’, ‘நீ’ என்று தனித்தனி எழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் 1047 வந்து முட்டிக்கொள்ளும். 2018 நவம்பர் 16 கஜா புயல் உங்களுக்கு மறந்திருக்காது.

மன்னை கணக்கு:

மறக்குமா ஐயா. இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. நோட்டில் எழுதி, கார்பன் வைத்துச் சீட்டுக் கொடுத்தேன். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

கும்மோணம் நெட்வொர்க்:

அக்கா, ஒரு சந்தேகம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு விபிஎன் போட்டபின்தான் போகிறீர்களா, நேரேயா? நேரே என்றால் சர்வரில் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண் எத்தனை என்று பாருங்க.

மன்னை கணக்கு:

நேரேதான். விபிஎன் இனி தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். 4625 ஒரே ராத்திரியில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கிறது. இது என்ன?

கும்மோணம் நெட்வொர்க்:

ஒவ்வொன்றும் யாரோ தப்பான பாஸ்வேர்டு போட்டுக் கதவைத் தட்டியது. ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை ஊருக்கே திறந்துவைத்தால் இப்படித்தான். ஒருநாள் சரியாகப் போட்டுவிட்டால் எல்லாக் கோப்பையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். இன்றைக்கே போன் போட்டு விபிஎன்னைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் உள்ளே போவதையும் நிறுத்துங்க. தினசரி பேக்கப்பில் ஒரு நகல் அந்த நிறுவனத்தின் கை படாத வேறு இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்க.

கையோடு இன்னொன்று. சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா? ஆலையின் டொமைன் (இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?

மன்னை கணக்கு:

விபிஎன் போட்டாயிற்று. பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. டொமைன் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. கேட்டால், ஒப்பந்தம் முடியும்போது தருவோம் என்கிறார்கள்.

கும்மோணம் நெட்வொர்க்:

ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கு யாருக்கும் யார் மேலும் பிரியம் இருக்காது அக்கா. உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்க. முதல் பில் பணம் கொடுத்தாயிற்றா?

மன்னை கணக்கு:

இல்லை. என் மேஜையில்தான் இருக்கிறது.

கும்மோணம் நெட்வொர்க்:

அங்கேயே இருக்கட்டும்.

மன்னை கணக்கு:

(பத்து நாள் கழித்து)

டொமைன் கம்பெனி பெயருக்கு வந்துவிட்டது, பாஸ்வேர்டு உறையில் போட்டு முதலாளி லாக்கரில். பில்லும் பாஸ் ஆகிவிட்டது. மேடை ரூமில் தனி கம்ப்யூட்டர், லேசர் பிரிண்டர். நேற்று ஒன்றரை மணி நேரம் நெட் இல்லை, 31 சீட்டுப் போட்டோம், வெளியே யாருக்கும் தெரியாது. விவசாயி பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி நானும் என் பெண்ணும் உட்கார்ந்து பார்க்கிறோம், ‘ப’ வரிசை வரை வந்தாயிற்று. டாலிக்கு மாற்றுவது ஏப்ரலில்.

கடைசியாக ஒன்று. அந்த விண்டோஸ் 7 மெஷினை ஃபார்மேட் போட்டு வாட்ச்மேன் பையனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

பழைய ஃபாக்ஸ்புரோ கை:

ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள் அம்மா. நெட் ஒயரை உருவிவிட்டு, ஹார்டு டிஸ்கை ஒரு நகல் எடுத்துவிட்டு ஓரமாக வையுங்கள். மென்பொருளின் மூல நிரல் அதில் எங்காவது கிடக்கும்.

மன்னை கணக்கு:

சரி ஐயா. அதன் தலைமேல்தான் ராஜகோபாலசுவாமி படம் இருக்கிறது, முதலாளியும் நகர்த்த விடமாட்டார்.