கெண்டை மீன் தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் சேர்க்கலாமா?

கேள்வி: ஒரத்தநாடு குளத்துக்காரர்
அனைவருக்கும் வணக்கம். அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை வளர்த்து வருகிறேன். சென்ற மார்கழியில் மிர்கால்களின் உடலில் சிவந்த புண்கள் தோன்றி, பிடிக்கும் பருவத்தில் பல மீன்கள் செத்து மிதந்தன. என் பிள்ளைகளும் உண்ணும் மீனுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. தவிடு, கடலைப் புண்ணாக்குடன் பூண்டும் மஞ்சளும் கலந்து போட்டால் நோய் வராது என்று பக்கத்துக் குளத்துக்காரர் சொல்கிறார். எவ்வளவு, எப்போது, எப்படிக் கலக்க வேண்டும்?

பதில்: மீன்வள மாணவி
ஐயா, ரோகு குஞ்சுகளுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 1, 5, 10 கிராம் என்ற அளவுகளில் பூண்டு கலந்து 60 நாள் கொடுத்து, அதன்பின் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்னும் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. பூண்டு உண்டவற்றில் பிழைத்தவையே அதிகம். கிலோவுக்கு 5 கிராம் என்று நீங்கள் தொடங்கலாம். குளத்தில் 500 கிலோ மீன் இருந்து, உடல் எடையில் 2 விழுக்காடு தீவனம் போடுவதானால், நாளொன்றுக்கு 10 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் பூண்டு போதும்.

பூண்டை வேகவைக்காதீர்கள். நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி, கிருமிகளை எதிர்க்கும் அல்லிசின் என்னும் பொருளை உண்டாக்குகிறது. சூட்டில் அந்த நொதி கெட்டுவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, தீவனத்தோடு பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வைத்து இறக்குங்கள். வெறுமனே தூவினால் சாறு முழுவதும் தண்ணீருக்குத்தான் போகும்.

பதில்: பண்ணை ஆலோசகர்
மேலே சொன்னது சரியே. ஆனால் மார்கழியில் நீங்கள் கண்டது புண் நோயாக இருந்திருக்கலாம் என்று அஞ்சுகிறேன். அதற்கு மூலம் அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரி. மழைக்குப் பின் நீர் குளிரும்போது அது தலையெடுக்கும். புண் வந்த மீன் இரை எடுக்காது. இரை எடுக்காத மீனுக்குத் தீவனத்தில் எந்த மூலிகையைக் கலந்தும் பயனில்லை. இந்நோய்க்காகப் புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தும் நீரில் ஊற்றுவதுதான். ஆகவே பூண்டுத் தீவனத்தை ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள்; மழைக்கு முன் நீரின் காரத்தன்மையைச் சோதித்துச் சுண்ணாம்பும் இடுங்கள். சுண்ணாம்பைத் தவிர்த்துவிட்டு மூலிகையை மட்டும் நம்பிய குளங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பதில்: திருவையாறு விவசாயி
மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் மருந்துப் பொருள் நீரில் கரையாது. எண்ணெயில் குழைத்துச் சேர்ப்பதே நல்லது. வேப்பிலைச் சாற்றை மட்டும் கணக்கின்றி ஊற்றிவிடாதீர்கள், அளவு மீறினால் அது மீனுக்கே நஞ்சு.

ஒரத்தநாடு குளத்துக்காரர்
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோய் கண்ட பிறகே பூண்டு போட வேண்டும் என்று இதுவரை எண்ணியிருந்தேன். நாளையே நீரைச் சோதனைக்கு எடுத்துச் செல்கிறேன்.