கூரைக்குள் திரும்பத் திரும்ப வரும் மார்டர்: உதவி தேவை

ஜேர்மனியில் சொந்த வீட்டில் இருக்கும் அண்ணாமார், அக்காமார் யாராவது உதவுங்கள். எங்கள் கூரைக்குள் இருந்த மார்டர் (Marder, மரநாய் போன்ற சிறு விலங்கு) போன வருடத்தோடு தொலைந்தது என்று நிம்மதியாக இருந்தோம். மறுபடியும் வந்துவிட்டது. நடுச்சாமத்தில் மகளின் அறைக்கு மேலே தடதடவென்று ஓட்டம். பிள்ளை பயந்து எழும்பிவிடுகிறாள். ஏறிப் பார்த்தால் குளிர் தடுக்கப் போட்ட கண்ணாடிக் கம்பளி பிய்ந்து கிடக்கிறது, மூலையில் எச்சக் குவியல், பக்கத்தில் முட்டைக் கோது.

ரேடியோ, நாய் முடி, அல்ட்ராசவுண்ட் கருவி எல்லாம் வைத்தாயிற்று. கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் பழையபடிதான். வழியை அடைத்தால்தான் தீரும் என்று படுகிறது. ஆனால் 5 சென்டிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும். மழைநீர்க் குழாயைப் பிடித்துத்தான் ஏறுகிறது போல. குழாயைச் சுற்றி வழுக்குத் தகரம் அடித்தவர்கள் இருக்கிறீர்களா? பலன் இருந்ததா? ஓட்டு விளிம்புக்கு எந்தக் கம்பிவலை போட்டீர்கள்?

வேட்டைச் சட்டத்துக்குள் வரும் விலங்கு என்பதால் நாமாகப் பொறி வைக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் குட்டி போடும். குட்டிகளை உள்ளே வைத்து அடைக்க எனக்குத் துளியும் மனமில்லை. அவை வெளியேறிவிட்டன என்று எப்படி உறுதி செய்தீர்கள்? எந்த மாதத்தில் அடைத்தீர்கள்?