அடுக்குமாடிக் குடியிருப்பில் கலைநயம் என்பது முகப்பு அலங்காரம் மட்டும்தானா?

கேள்வி:
வீடு வாங்கும் எண்ணத்தில் பல அடுக்குமாடித் திட்டங்களைப் பார்த்து வருகிறேன். 'கலைநயம் மிக்க கட்டடம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு நேரில் போனால், வாசலில் இரண்டு ரோமானியத் தூண்களும் வரவேற்புக் கூடத்தில் ஒரு சுவரோவியமும் இருக்கின்றன. லிஃப்டில் ஏறினால் எல்லாத் தளங்களும் ஒன்றுபோலவே உள்ளன. கட்டட அமைப்பிலேயே கலை கலந்த குடியிருப்புகள் உண்டா? அவற்றில் குடியிருப்பது வசதியாக இருக்குமா?

பதில் 1:
முதலில் நினைவுக்கு வருவது வியன்னாவின் ஹுண்டெர்ட்வாஸர் இல்லம். 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட இது செல்வந்தர்களின் மாளிகை அல்ல, மாநகராட்சியின் வாடகைக் குடியிருப்பு. ஓவியரான ஹுண்டெர்ட்வாஸர், யோசெஃப் கிராவினா என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து இதை உருவாக்கினார். ஹுண்டெர்ட்வாஸர் நேர்கோட்டை வெறுத்தவர் என்பதால் நடைபாதைத் தரைகூட மேடுபள்ளமாக இருக்கும். கூரையில் மண் நிரப்பிப் புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள், சில மரங்கள் சன்னல் வழியாகவே கிளை நீட்டுகின்றன. குடியிருப்பவர் தம் சன்னலிலிருந்து கை எட்டும் தூரம்வரை வெளிச்சுவரை விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் வலியுறுத்திய 'சன்னல் உரிமை'. நம் ஊர்க் குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

பதில் 2:
அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, ஐயா. மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-இல் முடிந்த காஞ்சன்ஜங்கா கட்டடத்தில் அலங்காரம் என்று எதுவும் இல்லை. கடற்காற்றும் கடற்காட்சியும் மேற்கில்தான். பிற்பகல் வெயிலும் பருவமழைச் சாரலும் அங்கிருந்தே வருகின்றன. அதனால் பழைய பங்களாக்களின் சுற்றுத் தாழ்வாரத்தை நினைவில் கொண்டு, 28 மாடிக் கட்டடத்தின் மூலைகளைக் குடைந்து, இரண்டு தள உயரத் திறந்த முற்றங்களை வைத்தார். வெளியிலிருந்து சிற்பம்போல் தெரியும் அந்தக் குடைவுகள் உள்ளே இருப்பவருக்கு நிழல் தருகின்றன. நான் இதைத்தான் கலை என்பேன். ஆனால் மொத்தம் 32 வீடுகளே கொண்ட, வசதி படைத்தோருக்கான கட்டடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதில் 3:
பராமரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. பார்சிலோனாவை ஒட்டி ரிக்கார்டோ போஃபில் குழுவினர் 1975-இல் முடித்த வால்டன் 7 என்ற குடியிருப்பின் வெளிச்சுவர் முழுவதும் சிவப்பு ஓடு பதிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளிலேயே ஓடுகள் பெயர்ந்து விழத் தொடங்கியதால் வலை கட்ட வேண்டியதாயிற்று. 1990-களில் ஓடுகளை நீக்கிச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். முற்றங்களும் அவற்றின் குறுக்கே செல்லும் பாலங்களும் இன்றும் அழகுதான். ஆகவே வாங்குமுன், நீங்கள் வாங்கும் கட்டடத்தின் முகப்புக்குச் சாரம் கட்டிப் பழுதுபார்க்கும் செலவு கார்ப்பஸ் நிதியில் (பிற்காலப் பராமரிப்புக்காக வீடு வாங்குவோரிடம் முன்கூட்டியே திரட்டும் தொகை) கணக்கிடப்பட்டுள்ளதா என்று கட்டுநரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.